ஒரு கருத்துக்குப் பணம் கொடுத்தது யார் என்று தேடுவது எப்படி

அரசுக் கொள்கைகளைப் பற்றி எழுதும் அமெரிக்க ஆய்வு மையங்களின் அறிக்கைகளைத் தமிழில் மொழிபெயர்ப்பது என் தொழில். அறிக்கை கைக்கு வந்ததும், அந்த மையத்துக்குப் பணம் எங்கிருந்து வருகிறது என்று பார்த்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்குவேன். நீங்களும் பார்க்கலாம். காசு செலவில்லை.

முதலில் நான் செய்த தப்பைச் சொல்லிவிடுகிறேன். மையத்தின் சொந்த வரிக்கணக்கில் கொடையாளர் பெயர்களைத் தேடிப் பல நாள் வீணாக்கினேன். அது 990 என்ற படிவம். அதில் கொடையாளர் பெயரை மறைத்துவிட்டுத்தான் பொதுமக்களுக்குக் காட்டுவார்கள். வாங்கியவர் கணக்கை விட்டுவிட்டு, கொடுத்தவர் கணக்குக்குப் போங்கள். தனியார் அறக்கட்டளைகள் 990-பிஎஃப் என்ற படிவத்தை ஆண்டுதோறும் தாக்கல் செய்கின்றன. யாருக்கு, எதற்காக, எவ்வளவு கொடுத்தோம் என்று ஒவ்வொரு கொடையையும் அதில் எழுதியாக வேண்டும். புரோபப்ளிகா என்ற செய்தி நிறுவனத்தின் ‘நான்பிராஃபிட் எக்ஸ்ப்ளோரர்’ தளத்தில் மையத்தின் பெயரைப் போட்டு, படிவங்களின் உள்ளே தேடுங்கள். அந்தப் பெயர் வரும் அறக்கட்டளைகள் வரிசையாக வந்து நிற்கும்.

தொகையைவிட ‘எதற்காக’ என்ற கட்டத்தைக் கவனியுங்கள். ஒரு ஆய்வுக்கு மட்டும் கொடுத்த பணம் வேறு; பொதுச் செலவுக்கென்று வருடா வருடம் கொடுப்பது வேறு. இரண்டாவதுதான் ஒரு கருத்தை வேரூன்ற வைக்கிறது. அதனால் குறைந்தது ஐந்து வருடப் படிவங்களையாவது பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

வலதுசாரிக் கருத்துகளுக்குப் பணம் கொடுத்த ஜான் எம். ஒலின் அறக்கட்டளையின் கதை தெரிந்தால் இது நன்றாகப் புரியும். ரசாயனம், தோட்டாத் தொழிலில் சம்பாதித்த ஒலின் 1953-இல் அதைத் தொடங்கினார். 1969-இல் தான் படித்த கார்னெல் பல்கலைக்கழகத்தில் மாணவர்கள் ஒரு கட்டடத்தைப் பிடித்துக்கொண்டு, பிறகு துப்பாக்கியும் ஏந்தியது அவரை உலுக்கியது. அப்புறம் பணம் கல்லூரிகள் பக்கம் திரும்பியது. சட்டத்தைப் பொருளாதாரக் கண்ணோடு படிக்கும் துறைக்கு ஹார்வர்ட், யேல், சிகாகோ சட்டக் கல்லூரிகளில் ஆண்டுக்கணக்கில் கொடுத்தார்கள். 1982-இல் சட்ட மாணவர்கள் தொடங்கிய ஃபெடரலிஸ்ட் சொசைட்டி என்ற வலதுசாரிச் சட்ட அமைப்புக்கும் ஆரம்பத்திலேயே கை கொடுத்தார்கள். இருப்பு முழுவதையும் செலவழித்துவிட்டு 2005-இல் கதவைச் சாத்தினார்கள். அவர்கள் எந்தத் தேர்தலிலும் நிற்கவில்லை. பேராசிரியர் பதவி, மாணவர் உதவித்தொகை, கருத்தரங்கு என்றுதான் செலவு போனது. நீங்கள் பட்டியலில் தேட வேண்டியதும் இவற்றைத்தான். இடதுபக்கம் சாயும் அறக்கட்டளைகளையும் இதே கண்ணோடு பாருங்கள். படிவம் எல்லாருக்கும் ஒன்றுதான்.

பணம் வந்தது என்பதாலேயே அறிக்கை பொய்யாகிவிடாது. அதன் வாதத்தைத் தனியாகத்தான் எடைபோட வேண்டும்.

சில நேரம் தேடல் பலர் போட்ட பணத்தைத் தன் பெயரில் பிரித்துக் கொடுக்கும் டோனர்ஸ்டிரஸ்ட் போன்ற இடைநிலை நிதியில் போய் நின்றுவிடும். பணம் போட்டவர் பெயர் அதற்கு மேல் கிடைக்காது. அப்போது நான் ஊகிப்பதில்லை. ‘இன்ன நிதி வழியாக, இந்த ஆண்டு, இவ்வளவு டாலர்’ என்று மட்டும் மொழிபெயர்ப்பாளர் குறிப்பில் எழுதி, படிவத்தின் நகலையும் சேர்த்துப் பதிப்பாசிரியருக்கு அனுப்பிவிடுவேன்.