வாட்ச்மேன் பையைத் திறப்பதில்லை: எஸ்3 என்க்ரிப்ஷன் பாலிசியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமேசானின் கிளவுட் ஸ்டோரேஜான எஸ்3-இல், பக்கெட் என்ற ஃபைல் பெட்டியில் ஏறும் ஒவ்வொரு ஃபைலும் என்க்ரிப்ட் ஆகித்தான் (சாவியால் பூட்டப்பட்டுத்தான்) உட்கார வேண்டும் என்று செக்யூரிட்டி டீம் சொல்லும். நாமும் பழைய ப்ராஜெக்ட் ஒன்றிலிருந்து பக்கெட் பாலிசியை (யாரை விடலாம், எதைத் தடுக்கலாம் என்ற விதிகளை) எடுத்து, பெயரை மட்டும் மாற்றி ஒட்டிவிடுவோம். 'என்க்ரிப்ஷன் ஹெடர் கேஎம்எஸ் இல்லையென்றால் டினை.' கேஎம்எஸ் என்பது அமேசானின் சாவி நிர்வாகச் சேவை, டினை என்றால் தடு. ஆடிட்டருக்கு ஸ்கிரீன்ஷாட் போய்விடும். அந்த நாலு வரி உண்மையில் எதைப் பார்க்கிறது என்று யாரும் கேட்பதில்லை.

அது பார்ப்பது ரிக்வெஸ்டோடு வரும் ஹெடரை, அதாவது மேலே ஒட்டிய குறிப்பை மட்டும்தான். ஃபைல் கடைசியில் எந்தச் சாவியால் பூட்டப்படுகிறது என்பது அதற்குத் தெரியாது. அபார்ட்மென்ட் வாட்ச்மேன் கேட் பாஸைப் பார்த்துவிட்டு, பையைத் திறக்காமல் உள்ளே விடுவது மாதிரி. கீழே வரும் தவறுகளில் பாதிக்கு மேல் இதை மறந்ததால் வருபவை.

எல்லோரும் முதலில் முட்டிக்கொள்ளும் இடம்: பக்கெட்டின் டீஃபால்ட் என்க்ரிப்ஷனில் நம் கேஎம்எஸ் சாவியை வைத்தாயிற்று, அப்படியும் அப்லோட் 403 ('அனுமதி இல்லை') வாங்குகிறது. காரணம் வரிசை. எஸ்3 முதலில் பாலிசியைப் பார்க்கும், டீஃபால்ட்டைப் பிறகுதான் போடும். ஹெடர் இல்லாமல் வந்த ரிக்வெஸ்ட் வாசலிலேயே திரும்பிவிடும். 'ஸ்ட்ரிங்நாட்ஈக்வல்ஸ்' மாதிரியான எதிர்மறை கண்டிஷன், ஹெடரே வராவிட்டாலும் 'பொருந்தவில்லை' என்றுதான் எடுத்துக்கொள்ளும்.

'சரி, அந்தக் கண்டிஷன் பெயருக்குப் பின்னால் இஃப்எக்ஸிஸ்ட்ஸ் ('இருந்தால்') சேர்த்துவிட்டால்?' என்பார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஹெடர் இல்லாவிட்டால் அந்தக் கண்டிஷனை உண்மை என்று எடுத்துக்கொள் என்பதுதான் அதற்கு அர்த்தம். டினையில் உண்மை என்றால் அடி விழும். ஒன்றும் மாறாது. செய்ய வேண்டியது, அதே ஸ்டேட்மென்டில் 'நல்' (Null, 'ஹெடர் வரவில்லை') கண்டிஷனை 'ஃபால்ஸ்' என்று சேர்ப்பது. பெயரில் மட்டும்தான் நல். படித்தால் தலை சுற்றும். 'நல் என்பது பொய்', அதாவது ஹெடர் வந்திருக்கிறது. இரண்டும் சேர்ந்தால் 'ஹெடர் வந்து, அது கேஎம்எஸ் இல்லையென்றால் மட்டும் தடு' என்று ஆகும். ஹெடர் இல்லாதவை டீஃபால்ட்டுக்குப் போய் நம் சாவியிலேயே பூட்டப்படும்.

உங்களுக்கு வெறும் ஏஇஎஸ்-256 (எஸ்3 தன் சொந்தச் சாவியாலேயே பூட்டும் எஸ்எஸ்இ-எஸ்3 முறை) போதும் என்றால் ஹெடர் கேட்கும் பாலிசியே வேண்டாம் என்பேன். 2023 ஜனவரி 5 முதல் புதிதாக ஏறும் எல்லாவற்றையும் எஸ்3 தானாகவே என்க்ரிப்ட் செய்கிறது. பழைய பாலிசியால் இப்போது ஸ்கிரிப்ட்கள் உடைவதுதான் மிச்சம்.

அடுத்தது, கண்ணுக்கே தெரியாத ஓட்டை. ஒரே டினை ஸ்டேட்மென்டில் 'அல்காரிதம் கேஎம்எஸ் இல்லை', 'சாவி நம்முடையது இல்லை' என்று இரண்டையும் எழுதுகிறோம். இரண்டில் ஒன்று தப்பினாலும் தடுக்கும் என்று மனசு படித்துக்கொள்கிறது. ஆனால் ஒரு ஸ்டேட்மென்டுக்குள் இருக்கும் கண்டிஷன்கள் எல்லாம் ஒன்றாக உண்மையானால்தான் டினை வேலை செய்யும். ஒருவர் கேஎம்எஸ் என்று சரியாக எழுதி, வேறு சாவியைக் கொடுத்தால் முதல் கண்டிஷன் பொய்யாகிவிடும். ஃபைல் ஜாலியாக உள்ளே போகும். இரண்டு தடைக்கு இரண்டு ஸ்டேட்மென்ட் வேண்டும், சாவி ஸ்டேட்மென்டிலும் சாவி ஹெடருக்கு அதே 'நல் ஃபால்ஸ்' வேண்டும். சாவியை முழு ஏஆர்என்னாக (அமேசான் தரும் முழு முகவரியாக) எழுதுங்கள், அலியாஸ் என்ற செல்லப்பெயர் உதவாது.

முன்பு வேலை பார்த்த இடத்தில் இதைவிட நுணுக்கமான ஒன்றில் மாட்டினோம். டீஃபால்ட்டில் எங்கள் சாவி இருந்தது, பாலிசி அல்காரிதத்தை மட்டும் பார்த்தது. பேக்கப் ஸ்கிரிப்டில் யாரோ அக்கறையாக 'கேஎம்எஸ்' என்ற ஹெடரைச் சேர்த்திருந்தார், சாவி ஐடி கொடுக்கவில்லை. பக்கெட்டின் டீஃபால்ட் சாவி வந்துவிடும் என்றுதான் எல்லோரும் நினைப்போம். வராது. அப்படிக் கேட்டால் எஸ்3 எடுப்பது நம் அக்கவுன்ட்டில் அமேசானே நிர்வகிக்கும் சாவியை. அதன் பாலிசியை நாம் மாற்ற முடியாது, வேறு அக்கவுன்ட்டோடு பகிரவும் முடியாது. இன்னொரு அக்கவுன்ட்டில் இருந்த ரிப்போர்ட்டிங் டீம் ஃபைலைத் திறக்கப் போனபோதுதான் விஷயம் வெளியே வந்தது. அதற்குள் பல மாத பேக்கப் அந்தச் சாவியில். எல்லாவற்றையும் மறுபடி காப்பி செய்தோம். இதற்குத் தனியாக ஒரு டினை வேண்டும்: அல்காரிதம் கேஎம்எஸ், கூடவே சாவி ஐடி நல் 'ட்ரூ'. முன்னால் காலை வாரிய அந்த 'எல்லாம் சேர்ந்தால்தான்' விதி இங்கே நமக்குச் சாதகம்.

பழைய பாலிசியைத் தளர்த்தும்போது ஒரு பக்கக் கதவு திறந்துகொள்ளும். எஸ்எஸ்இ-சி என்ற முறையில் சாவியை அப்லோட் செய்பவரே கொடுப்பார். அதற்கு ஹெடரே வேறு. 'ஹெடர் இல்லையேல் டினை' இதையும் தற்செயலாகத் தடுத்துக்கொண்டிருந்தது. பக்கெட்டில் எஸ்எஸ்இ-சி திறந்திருந்தால் புதிய பாலிசியில் தப்பிவிடும். 2025 ஜனவரியில் ஹால்சியான் நிறுவனம் வெளியிட்ட 'கோட்ஃபிங்கர்' ரான்சம்வேர் விவரம் இதுதான்: திருடிய அக்சஸ் கீயை வைத்து, இருந்த ஃபைல்களையே எஸ்எஸ்இ-சியில் பூட்டிவிட்டுப் பணம் கேட்டார்கள். அந்தச் சாவியை அமேசான் சேமித்து வைப்பதில்லை, அதனால் அவர்களாலும் திறக்க முடியாது. உங்களுக்கு எஸ்எஸ்இ-சி தேவையில்லை என்றால் அந்த ஹெடர் வந்தாலே டினை போடுங்கள். டீஃபால்ட் என்க்ரிப்ஷனை மாற்றும் உரிமை யார் கையில் இருக்கிறது என்பதையும் பார்த்துவிடுங்கள். இப்போது பாரம் முழுக்க அதன்மேல்தான்.

சின்ன விஷயங்கள் சில. சின்ன ஃபைல் ஏறுகிறது, பெரியது மட்டும் ஏறவில்லை என்றால் பாலிசியைக் குடையாதீர்கள். 8 எம்பி தாண்டினால் அமேசானின் கமாண்ட் லைன் கருவியான ஏடபிள்யூஎஸ் சிஎல்ஐ, துண்டு துண்டாக ஏற்றும் மல்டிபார்ட்டுக்கு மாறும். அதற்கு கேஎம்எஸ் சாவியில் 'ஜெனரேட்டேட்டாகீ' (பூட்ட) அனுமதி மட்டும் போதாது, 'டிக்ரிப்ட்' (திறக்க) அனுமதியும் வேண்டும். சர்வர் அக்சஸ் லாக் (யார் எதைத் தொட்டார்கள் என்ற பதிவு) விழும் பக்கெட்டில் டீஃபால்ட்டாக கேஎம்எஸ் வைக்காதீர்கள், எஸ்எஸ்இ-எஸ்3 மட்டும்தான் ஒத்துவரும். வைத்தால் லாக் சத்தமில்லாமல் நின்றுவிடும். ஏற்கெனவே உள்ளே கிடக்கும் ஃபைல்களை எந்தப் பாலிசியும் தொடாது. இன்வென்டரி ரிப்போர்ட் எடுத்துப் பார்த்து, தனியாகத்தான் மாற்ற வேண்டும். திரும்பக் காப்பி செய்வது ஒரு வழி.

பாலிசியைப் போட்டதும் ஐந்து சோதனை அப்லோட் செய்யுங்கள்: ஹெடர் இல்லாமல், ஏஇஎஸ்-256, சாவி ஐடி இல்லாத கேஎம்எஸ், வேறு சாவியோடு கேஎம்எஸ், எஸ்எஸ்இ-சி. முதலாவது மட்டும் ஏற வேண்டும், மற்ற நான்கும் 403 வாங்க வேண்டும். ஏறியதை 'ஹெட் ஆப்ஜெக்ட்' கொடுத்து, எந்தச் சாவி என்று கண்ணால் பாருங்கள். பையைத் திறந்து பார்ப்பது அந்த ஒரு கமாண்ட்தான். எங்கள் பேக்கப் ஸ்கிரிப்ட்டுக்கு அதை முதல் நாளே யாரும் ஓட்டவில்லை.