மாணவர் மைய வகுப்பறையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்: கடற்கரைப் பள்ளிகளில் கண்டவை

தொண்டி முதல் வாலிநோக்கம் வரையிலான இராமநாதபுரம் கடற்கரையின் பல அரசுப் பள்ளிகளில் திறன்மிகு வகுப்பறையும் உயர் தொழில்நுட்ப ஆய்வகமும் இன்று புதுமையல்ல. 2018 முதல் வந்த புதிய பாடநூல்களில் கியூஆர் குறியீடுகள் உள்ளன. பள்ளிக் கல்வித் துறையின் மணற்கேணி செயலியில் பாடக் காணொளிகள் கிடைக்கின்றன. இவ்வளவும் இருக்கும் ஒரு வகுப்பறைக்குள் நுழையும்போது நான் முதலில் கவனிப்பது, அங்கே கேள்வி கேட்பவர் யார் என்பதைத்தான். பெரும்பாலான தவறுகள் அந்த ஒரு இடத்திலிருந்தே தொடங்குகின்றன.

முதல் தவறு, காணொளி ஓடினாலே மாணவர் மையக் கற்பித்தல் நடந்துவிட்டதாக எண்ணுவது. இதை நானே செய்திருக்கிறேன். ஒன்பதாம் வகுப்புக்கு ஓதங்கள் பற்றிய பாடம் எடுத்தபோது, கனடாவின் ஃபண்டி விரிகுடாவில் கடல் ஏறி இறங்குவதைக் காட்டும் காணொளியைத் திரையிட்டேன். அங்கே ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் உள்ள வேறுபாடு ஏறத்தாழ 16 மீட்டர் வரை போகும். நம் பாம்பன் கரையிலோ அது ஒரு மீட்டருக்கும் குறைவு. பிள்ளைகள் வியந்து பார்த்தார்கள், முடிந்ததும் கைதட்டினார்கள். ஆனால் தாங்கள் பிறந்ததிலிருந்து பார்த்துவரும் கடலைப் பற்றியதுதான் அந்தப் பாடம் என்பது அவர்களுக்குத் தோன்றவே இல்லை.

மறுநாள் திரையை அணைத்துவிட்டு, "நம்ம கடல்ல தண்ணி எந்த நாள்ல ரொம்ப வத்தும்?" என்று மட்டும் கேட்டேன். கடைசி வரிசையில் எப்போதும் பேசாமல் இருக்கும் மாணவி ஒருத்தி எழுந்தாள். "அமாவாசை, பௌர்ணமிய ஒட்டி வத்தும் டீச்சர். எங்க அம்மா பாசி எடுக்க அப்பத்தான் போவாங்க" என்றாள். சற்று நின்று, "ஆனா புத்தகத்துல அந்த நாளுக்கு உயர் ஓதம்னு போட்டிருக்கே, அப்ப தண்ணி ஏறத்தானே செய்யணும்?" என்று கேட்டாள். அந்தக் காணொளியை இன்னும் பத்து முறை ஓட்டியிருந்தாலும் அந்தக் கேள்வி வந்திருக்காது. அமாவாசையிலும் பௌர்ணமியிலும் சூரியன், பூமி, நிலா மூன்றும் ஒரே நேர்க்கோட்டில் அமைவதால் சூரியன், நிலா இரண்டின் ஈர்ப்பும் சேர்ந்து கடலை இழுக்கிறது. அதனால் ஏறும் நீர் வழக்கத்தைவிட அதிகமாக ஏறுகிறது, இறங்கும் நீரும் வழக்கத்தைவிட அதிகமாக இறங்குகிறது. உயர் ஓதம் என்ற பெயர் ஏற்றத்தை மட்டும் சொல்கிறது. அந்தத் தாயின் பிழைப்போ இறக்கத்தில் இருக்கிறது. இதை வகுப்பே பேசித் தெளிந்த பிறகு, சூரியன், நிலா ஆகியவற்றின் நிலையை நகர்த்திக் காட்டும் அசைவூட்டப் படத்தைத் திரையிட்டேன். கேள்வி முன்னால் வந்து திரை பின்னால் வந்ததால், பிள்ளைகள் அதில் எதைப் பார்க்க வேண்டும் என்று தெரிந்து பார்த்தார்கள்.

ஆசிரியர் ஒதுங்கிக்கொள்வதே மாணவர் மையம் என்று நினைப்பது இதற்கு நேர்மாறான தவறு. தமிழ்நாடு இதை முன்பே அனுபவித்திருக்கிறது. 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி, 2007-08-இல் மாநிலத் தொடக்கப் பள்ளிகள் முழுவதற்கும் வந்த செயல்வழிக் கற்றலில், குழந்தை தன் வேகத்தில் படிப்படியாக முன்னேறுவதற்கான ஏணிப்படி அட்டவணையும் பாட அட்டைகளும் நல்ல நோக்கத்தோடு உருவாக்கப்பட்டவையே. ஆனால் குழந்தை ஓர் அட்டையை முடித்துவிட்டு அடுத்ததை எடுப்பதே கற்றல் என்று சில வகுப்புகளில் ஆகிப்போனபோது, என்ன புரிந்தது என்று உட்கார்ந்து கேட்க ஆளில்லாமல் போனது. இன்று அட்டை இருந்த இடத்தில் கையடக்கக் கணினி இருக்கிறது, ஆபத்து அதேதான். நான்கு விடைகளில் ஒன்றைத் தொடும் வினாக்களில் எட்டு சரி என்று கருவி காட்டினால், அந்த எட்டில் எத்தனை ஊகம் என்பதை அது சொல்லாது. "இது எப்படி வந்தது, சொல்லு" என்று கேட்கும் ஆசிரியருக்கே அது தெரியும்.

தொடக்க வகுப்புகளில் அடிப்படை எழுத்தையும் கணக்கையும் கற்பிக்கும் எண்ணும் எழுத்தும் திட்டத்தில் உள்ள அரும்பு, மொட்டு, மலர் என்ற கற்றல் நிலைகளையும் இங்கே சொல்ல வேண்டும். குழந்தை இன்று எங்கே நிற்கிறது என்பதைக் காட்டுவதற்கான பெயர்கள் அவை. "அவன் அரும்பு சார்" என்று ஆண்டு முழுக்க அழைக்கும்போது அது குழந்தையின் பெயராகவே மாறிவிடுகிறது. இதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு மனம் பொறுப்பதில்லை.

குழுவேலையில் நடப்பது எல்லாருக்கும் தெரிந்ததே: ஆறு பேருக்கு ஒரு கையடக்கக் கணினி கொடுத்தால் ஒருவர் இயக்குவார், இருவர் எட்டிப் பார்ப்பார்கள், மற்றவர்கள் சன்னலைப் பார்ப்பார்கள். மூவருக்கு ஒன்று என்று பிரித்து, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கை மாறச் செய்து, கருவியைத் தொடாதவரே விடையை விளக்க வேண்டும் என்று விதித்தால் போதுமானது. கருவி குறைவாக இருந்தால், மற்றக் குழுக்களுக்குக் கரும்பலகையும் சோழிகளுமே தாராளம்.

கடற்கரைக்கென்றே உள்ள தவறுகள் சில உண்டு. உப்புக் காற்று கம்பி இணைப்புகளைச் சீக்கிரம் அரித்துவிடும். வாரக்கணக்கில் இயக்காமல் பூட்டிவைத்த கருவி, தேவைப்படும் நாளில் பெரும்பாலும் இயங்குவதில்லை. அக்டோபர் முதல் டிசம்பர் வரை புயல் எச்சரிக்கையும் மின்தடையும் சேர்ந்து வரும் காலத்தில், இணையத்தை மட்டுமே நம்பிப் பாடம் திட்டமிடக் கூடாது. காணொளியை முந்தைய நாளே பதிவிறக்கி வைப்பதும், மின்சாரம் போனால் அதே பாடத்தை எப்படி நடத்துவது என்பதைப் பாடக்குறிப்பில் ஒரு வரி எழுதிவைப்பதும் அவசியம்.

வீட்டுப்பாடத்தைக் கைப்பேசியில் அனுப்புவது இதைவிடப் பெரிய பிழை. பல வீடுகளில் இருப்பது ஒரே கைப்பேசி. அது விடியும் முன்பே அப்பாவுடன் வள்ளத்தில் போய்விடுகிறது. இணைப்பைத் திறக்காத பிள்ளையைச் சோம்பேறி என்று எழுதுவது அநீதி. ஆகவே, வீட்டில் இருப்பவர்களிடம் கேட்டுவரும் வேலைகளையே நான் கொடுக்கிறேன். ஒருமுறை, எந்தத் திசைக் காற்றுக்கு என்ன பெயர் என்று தாத்தா பாட்டியிடம் கேட்டு வரச் சொன்னேன். வாடை, கொண்டல், சோழகம், கச்சான் என்று பெயர்கள் வந்தன. திரையில் மாவட்ட வரைபடத்தைக் காட்டி, அந்தந்தத் திசையில் பெயர்களைப் பிள்ளைகளையே எழுதச் சொன்னேன். கச்சான் நேர் மேற்கா, தென்மேற்கா என்று இரண்டு குழுக்கள் வாதிட்டதில் மணி அடித்துவிட்டது. தங்கச்சிமடத்துத் தாத்தாவிடம் மறுபடி கேட்டுவருவதாக ஒரு குழுவும், பாம்பன் பெரியப்பாவிடம் கேட்பதாக இன்னொரு குழுவும் சொல்லிவிட்டுப் போயின.