மனுமேயா புறாவைப் பற்றி எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பால்கனிக்கு நைலான் வலை கட்டியும், ஏசி பெட்டியின் மேல் கூடு வைக்கும் மாடப்புறாக்களை விரட்டியும் அலுத்துப்போன பெங்களூரு அடுக்ககவாசிகளான நமக்கு, ஒரு புறா இனம் அழியப்போகிறது என்றால் எளிதில் நம்பிக்கை வருவதில்லை. பிள்ளைகளின் பள்ளிச் செயல்திட்டத்துக்கு உதவும்போதும் இந்த அலட்சியம் எழுத்தில் இறங்கிவிடுகிறது. மாடப்புறா மனிதர் கட்டிய சுவர்களையும் சிந்திய தானியத்தையும் கொண்டு பெருகுவது. பசிபிக் கடலிலுள்ள சமோவா நாட்டில் மட்டுமே வாழும் மனுமேயாவோ மழைக்காட்டின் பெருமரங்களை நம்பியிருப்பது. அழியும் அபாயம் மிகக் கடுமையாக உள்ள இனம் என்று அது 2014-இல் அறிவிக்கப்பட்டது. வளர்ந்த பறவைகள் 250-க்கும் குறைவு என்றே மதிப்பிடப்படுகிறது.

படத்தைத் தேர்ந்தெடுக்கும்போது அலகைப் பாருங்கள். வளர்ந்த பறவையின் அலகு செம்மஞ்சள் நிறத்தில் தடித்துக் கீழ்நோக்கி வளைந்திருக்கும். கீழ் அலகின் விளிம்பில் பல் போன்ற வெட்டுகள் தெரியும். வேம்பின் குடும்பத்தைச் சேர்ந்த காட்டுமரங்களின் கடினமான விதைகளை அது உண்ண உதவுவது இந்த அலகுதான். இளம்பறவையின் அலகு கருமையாக இருப்பதால் அதை வேறு இனம் என்று ஒதுக்கிவிடக் கூடாது.

அழிந்துபோன பறக்காத பறவையான டோடோவுக்கு மிக நெருங்கிய உறவு மனுமேயா என்று எழுதுவதும் சரியல்ல. அலகின் வளைவைக் கண்டு 19-ஆம் நூற்றாண்டு அறிஞர்கள் அப்படிக் கருதினர். இன்று உயிருடன் இருப்பவற்றுள் அந்த இடம் நம் நாட்டிலும் வாழும் நிக்கோபார் புறாவுக்கே உரியது என்பதை 2002-இல் வெளியான மரபணு ஆய்வு காட்டியது.

எனக்கு மிகவும் வருத்தம் தருவது, சமோவா மக்கள் இதைத் தின்றே தீர்த்துவிட்டார்கள் என்று ஒரே வரியில் முடித்துவிடும் எழுத்து. மனுமேயாவை வேட்டையாடச் சட்டம் அனுமதிப்பதில்லை. ஆனால், லூப்பே எனப்படும் பசிபிக் புறாவைக் குறிவைப்பவர்களின் குண்டுக்கு, அடர்ந்த இலைகளுக்கிடையே அடையாளம் தெரியாமல் இதுவும் பலியாகிறது. 1990-இல் வீசிய ஓஃபா புயலும் 1991-இல் வீசிய வால் புயலும் பெருமரங்களைச் சாய்த்தன. வெட்டவெளியான இடங்களில் அயல் தாவரங்கள் புகுந்தன. போதாக்குறைக்குப் பூனைகளும் எலிகளும் காட்டுக்குள் பெருகின. ஆகவே மரம் நட்டால் போதும் என்று தீர்வு எழுதுபவர்கள், எந்த மரம் என்பதையும் சொல்ல வேண்டும். இப்பறவைக்கு உணவு தரும் மண்ணின் மரங்கள் மீளாமல், பூனையும் எலியும் கட்டுப்படாமல், லூப்பே வேட்டை நிற்காமல் வெறும் பசுமையால் பயனில்லை.

குரல் பதிவுகளை மட்டும் நம்பி, பறவைகள் இன்னும் ஏராளமாக உள்ளன என்று எழுதிவிடவும் வேண்டாம்: லூப்பேயின் கூவலும் மனுமேயாவின் கூவலும் தேர்ந்த செவிகளையே குழப்புபவை.