நிசான் லீஃப் காரின் பேட்டரித் தரவைச் சொந்தக் கேபிளால் படிக்கும் முறை

பழைய மின்சாரக் காரின் விலையில் பெரும்பகுதி அதன் பேட்டரிக்கே போகிறது. அந்தப் பேட்டரி எந்த நிலையில் இருக்கிறது என்பதைச் சொல்ல நிசான் லீஃப் காரின் டாஷ்போர்டில் இருப்பவை 12 சிறு கட்டங்கள் மட்டுமே. முதல் கட்டம் மறைவதற்குள் பேட்டரியின் கொள்ளளவில் ஏறத்தாழ 15 விழுக்காடு போய்விடும். அதற்குப் பிறகுதான் சுமார் 6.25 விழுக்காட்டுக்கு ஒரு கட்டம் குறையும். ஆகவே 12 கட்டங்களும் ஒளிரும் கார் புத்தம் புதியதாகவும் இருக்கலாம், 86 விழுக்காட்டுக்கு இறங்கியதாகவும் இருக்கலாம். போதாக்குறைக்கு, சர்வீஸ் கருவியைக் கொண்டு இந்தக் கணக்கை அழித்துப் புதிதாகத் தொடங்கவைக்கவும் முடியும். அப்படிச் செய்த கார், பேட்டரி மேலாண்மைக் கணினி உண்மையை மறுபடியும் கண்டுபிடிக்கும் வரை, முழுக் கட்டங்களையே காட்டிக்கொண்டிருக்கும். ஆக்சிலரேட்டரை அழுத்தும்போது பேட்டரியின் வோல்டேஜ் எவ்வளவு சரிகிறது என்பதை மட்டும் யாரும் இப்படி அழித்து மறைக்க முடியாது. அந்தச் சரிவைப் படிக்கத் தேவையான கேபிளை வீட்டிலேயே செய்யலாம். அதற்கு மூன்றே வயர்கள் போதும்.

தொடங்குமுன் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்வது நல்லது. லீஃப் ஸ்பை என்ற கைபேசிச் செயலியும், ஈஎல்எம்327 வகைப் புளூடூத் கருவியும் இருந்தாலே பேட்டரியின் 96 செல் வரிசைகளின் வோல்டேஜையும் வெப்பநிலையையும் பார்த்துவிடலாம். பெரும்பாலோருக்கு அதுவே போதும். மலிவான போலி ஈஎல்எம் கருவிகளைத் தவிர்த்து நல்லதாக ஒன்றை வாங்கினால், இந்தக் கட்டுரை சொல்லும் வேலைக்கே அவசியம் இருக்காது. ஆனால் அந்தக் கருவி கண்டறி இணைப்பின் (பழுதறியக் காரில் வைத்திருக்கும் 16 பின் ஓபிடி கனெக்டரின்) 6, 14 ஆகிய பின்களில் உள்ள பொதுவான கேன் வலைப்பின்னலோடு மட்டுமே பேசுகிறது. கேன் என்பது காரின் கணினிகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் வயர் வழி. பேட்டரி இருப்பது ஈவி-கேன் எனப்படும் வேறொரு வலைப்பின்னலில். செயலி கேட்கும் ஒவ்வொரு கேள்வியையும் காரின் மையக் கட்டுப்பாட்டுக் கணினி அங்கே கொண்டுபோய்ப் பதிலை வாங்கி வருகிறது. கேட்டுக் கேட்டுப் பெறும் இந்த முறை, நொடிக்குள் நடந்து முடியும் மாற்றங்களைத் தவறவிடும். ஈவி-கேனிலோ, யாரும் கேட்காமலேயே பேட்டரியின் வோல்டேஜும் கரண்டும் நொடிக்கு 100 முறை ஒலிபரப்பாகின்றன. அந்த வலைப்பின்னல் 12, 13 ஆகிய பின்களில் வெளிவருகிறது. கடையில் விற்கும் சாதாரண ஓபிடி கேபிள்களில் இந்த இரண்டு பின்களுக்கும் பெரும்பாலும் வயரே இருக்காது.

இங்கே சொல்வதெல்லாம் 2010 இறுதியில் வெளிவந்து 2017 வரை விற்பனையான முதல் தலைமுறை லீஃபுக்குப் பொருந்தும். அதாவது 24, 30 கிலோவாட் மணி பேட்டரி கொண்டவை. ஜப்பானில் ஓடி இலங்கைக்கு வந்து சேர்ந்த பழைய லீஃப்களில் மிகப் பல இந்தத் தலைமுறையைச் சேர்ந்தவை. இரண்டாம் தலைமுறையில், அதாவது 40 கிலோவாட் மணி மாடலில், கண்டறி இணைப்புக்கு முன்னால் ஒரு கேட்வே கணினியை வைத்து ஒலிபரப்பை மறித்துவிட்டார்கள். அதற்கு இந்தக் கேபிளைச் செய்வது வீண்; கேள்வி கேட்டுப் பதில் பெறும் செயலியே அங்கே வழி.

கேபிளைச் செய்தல்

ஒரு 16 பின் ஓபிடி ஆண் கனெக்டர், ஒன்பது பின் டிபி9 கனெக்டர், மெல்லிய வயர், சாலிடர், சுருங்கு குழாய், மல்டிமீட்டர், கேன் வலையை யூஎஸ்பிக்கு மாற்றித் தரும் ஒரு சிறு அடாப்டர் ஆகியவை வேண்டும். அடாப்டருக்கும் கணினிக்கும் இடையே மின் தனிமைப்படுத்தல் உள்ளதாகப் பார்த்து வாங்கினால் கொஞ்சம் கூடுதல் விலைக்குப் பெரிய நிம்மதி கிடைக்கும்.

மூன்று இணைப்புகளே தேவை. கேன் வலை லோ, ஹை என்ற இரண்டு வயர்களில் ஓடுகிறது. காரின் 12ஆம் பின் ஈவி-கேனின் லோ வயர். அது டிபி9 கனெக்டரின் 2ஆம் பின்னுக்குப் போக வேண்டும். காரின் 13ஆம் பின் ஹை வயர்; அது 7க்குப் போக வேண்டும். காரின் 4ஆம் பின் தரை (கிரவுண்ட்), அது 3க்கு. 16ஆம் பின்னில் எப்போதும் 12 வோல்ட் இருக்கும். யூஎஸ்பியிலிருந்து மின்சாரம் பெறும் அடாப்டருக்கு அது தேவையில்லை என்பதால் அந்தப் பின்னுக்கு வயர் வைக்காமலே விடுவது உத்தமம். காரிலேயே நிரந்தரமாக வைக்கும் தனிக்கருவிக்காகச் செய்வதானால் மட்டும், 1 ஆம்பியர் ஃப்யூஸ் ஒன்றைச் சேர்த்து 9ஆம் பின்னுக்குக் கொண்டுபோகலாம்.

டிபி9 பக்கத்தில் நான் சொன்ன வரிசை கேன் கருவிகளில் பரவலாக உள்ளது என்றாலும், எல்லோரும் அதைப் பின்பற்றுவதில்லை. ஆர்டுயினோவுக்கான சில கேன் பலகைகளில் ஹை 3ஆம் பின்னிலும், லோ 5ஆம் பின்னிலும், தரை 2ஆம் பின்னிலும் இருக்கும். இரண்டு வரிசைகளையும் கலந்துவிட்டால் கேன் வயர் ஒன்று நேரடியாகத் தரையோடு சேர்ந்து, காரின் வலைப்பின்னலே முடங்கிப்போகும். வாங்கிய அடாப்டரின் படத்தைப் பார்க்காமல் சாலிடரைச் சூடாக்க வேண்டாம்.

லோ, ஹை வயர்கள் இரண்டையும் ஒன்றோடொன்று முறுக்கியே கொண்டுபோக வேண்டும். கேபிளின் நீளம் அரை மீட்டருக்குள் இருக்கட்டும். கேன் வலையில் பக்கவாட்டில் தொங்கும் கிளை நீளமானால் சமிக்ஞை எதிரொலித்துத் தரவு கெடும். கணினியை எட்டுவதற்கு நீளம் வேண்டுமென்றால் அதை யூஎஸ்பி கேபிளில் வைத்துக்கொள்ளுங்கள்.

பின் எண்களை எண்ணுவதில் கண் எளிதில் ஏமாறும். காரில் உள்ள பெண் கனெக்டரை நேராகப் பார்த்தால், அகன்ற பக்கம் மேலே இருக்க, மேல்வரிசையில் இடமிருந்து வலமாக 1 முதல் 8 வரையும், கீழ்வரிசையில் 9 முதல் 16 வரையும் அமைந்திருக்கும். உங்கள் ஆண் கனெக்டரின் முகத்தைப் பார்த்தால் இது இடம் வலமாக மாறும். அதன் முதுகுப்பக்கம், அதாவது சாலிடர் செய்யும் பக்கம், மீண்டும் காரில் உள்ள வரிசையையே காட்டும். இடம் வலம் மாறிப்போனால் 12ஆம் பின்னின் இடத்துக்கு 13 வரும், 4இன் இடத்துக்கு 5 வரும். 5ஆம் பின்னும் தரையே ஆதலால் மல்டிமீட்டரில் எல்லாம் சரியாகவே தோன்றும். ஹையும் லோவும் மட்டும் இடம் மாறியிருக்கும், தரவு ஒன்றும் வராது. இதே பிழையை 6, 14 பின்களில் செய்தால் இன்னும் குழப்பம்: அங்கே கை 3, 11 பின்களுக்குப் போய்விடும்; லீஃபில் அவை திரை, வழிகாட்டி ஆகியவற்றின் வலைப்பின்னல். தேடும் பேட்டரி அதில் இருக்காது.

காரில் சொருகுமுன்

இந்தக் கனெக்டரில் உள்ளவை அனைத்தும் 12 வோல்ட் அமைப்பைச் சேர்ந்தவை. ஆரஞ்சு நிற உறையிட்ட கேபிள்களில் ஏறத்தாழ 400 வோல்ட் வரை ஓடுகிறது. இந்த வேலைக்காக அவற்றின் அருகில் கூடப் போகத் தேவையில்லை.

கார் முழுவதும் அணைந்து சில நிமிடங்கள் ஆன பிறகு, ஓட்டுநரின் கால் மிதிகளுக்கு மேலே உள்ள கண்டறி இணைப்பில் 12, 13 பின்களுக்கு இடையே மின்தடையை அளந்து பாருங்கள். சுமார் 60 ஓம் காட்ட வேண்டும். வலைப்பின்னலின் இரு முனைகளிலும் 120 ஓம் தடைகள் இருப்பதால் வரும் அளவு அது. உங்கள் அடாப்டரிலும் 120 ஓம் தடை ஒன்று இருக்கக்கூடும். ஜம்பரையோ சுவிட்சையோ மாற்றி அதை நீக்கிவிடுங்கள். அடாப்டரைச் சேர்த்த பிறகு 40 ஓம் காட்டினால் அது இன்னும் நீங்கவில்லை என்று பொருள். பிறகு காரை ஆன் செய்து தரையிலிருந்து அளந்தால் 13ஆம் பின்னில் 2.5 வோல்ட்டுக்குச் சற்று மேலாகவும், 12ஆம் பின்னில் சற்றுக் கீழாகவும் காட்டும். இந்த இரண்டும் சரியென்றால் கேபிளைச் சொருகலாம்.

லினக்ஸ் கணினியோ ராஸ்ப்பெரி பையோ இருந்தால், கேன் தரவைப் படிக்க அதில் ஏற்கெனவே உள்ள சாக்கெட்கேன் வசதி போதும். விண்டோஸ் உள்ளவர்கள் சாவிகேன் என்ற இலவச மென்பொருளைப் பயன்படுத்தலாம். வலைப்பின்னலின் வேகம் நொடிக்கு 500 கிலோபிட். அடாப்டரை முதன்முதலில் இயக்கும்போதே 'கேட்க மட்டும்' நிலையில் வைத்துவிடுங்கள். இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். சாதாரண நிலையில் அடாப்டர் ஒவ்வொரு செய்திக்கும் ஒப்புகை அனுப்பும், பிழை கண்டால் பிழைச் செய்தியும் அனுப்பும். வேகத்தைத் தவறாக அமைத்திருந்தால் அந்தப் பிழைச் செய்திகளே ஓடும் காரின் உள்பேச்சைக் குலைத்துவிடும். கேட்க மட்டும் நிலையில் அது வாயே திறக்காது.

எண்களைப் படித்தல்

திரையில் ஒவ்வொரு செய்தியும் ஓர் அடையாள எண்ணோடும், அதையடுத்து எட்டு பைட் வரையிலான தரவோடும் ஓடும். அடையாளம் பதினாறடிமான (ஹெக்ஸாடெசிமல்) எண்ணாக இருக்கும், அதனால் அதில் எழுத்துகளும் வரும். முக்கியமானவை மூன்று. 55பி (55B) என்ற செய்தியின் முதல் 10 பிட்டுகள் சார்ஜ் நிலையைப் பத்தில் ஒரு விழுக்காடு துல்லியத்தில் தருகின்றன: முதல் பைட்டை 4ஆல் பெருக்கி, இரண்டாம் பைட்டை 64ஆல் வகுத்து வரும் முழு எண்ணைக் கூட்டுங்கள். பத்தடிமானத்தில் முதல் பைட் 200, இரண்டாவது 64 என்றால் 801, அதாவது 80.1 விழுக்காடு. 5பிசி (5BC) செய்தியிலும் இதே கணக்குதான், ஆனால் வரும் எண் பேட்டரியில் எஞ்சியுள்ள ஆற்றலைக் குறிக்கும் 'கிட்' அளவு. புதிய 24 கிலோவாட் மணி பேட்டரி முழுச் சார்ஜில் 281 வரை காட்டும். காரை ஆன் செய்தவுடன் 1023 என்று வந்தால் பதற வேண்டாம்; பேட்டரிக் கணினி இன்னும் தயாராகவில்லை என்பதே அதற்குப் பொருள்.

நாம் தேடிவந்தது 1டிபி (1DB). இதன் முதல் 11 பிட்டுகள் கரண்ட். எதிர்மறையாகவும் வரக்கூடிய எண், அலகு அரை ஆம்பியர். மூன்றாம் பைட்டும் நான்காம் பைட்டின் முதல் இரண்டு பிட்டுகளும் சேர்ந்து வோல்டேஜ். அலகு அரை வோல்ட். மூன்றாம் பைட் 189, நான்காவது 128 எனில் 189ஐ 4ஆல் பெருக்கி 2ஐக் கூட்ட 758 வரும். பாதியாக்கினால் 379 வோல்ட்.

இனி ஒருவர் ஓட்ட, இன்னொருவர் கணினியை வைத்துக்கொள்ள வேண்டும். கண்டறி இணைப்பு மிதிகளுக்கு மேலேயே இருப்பதால் கேபிளை ஓட்டுநரின் காலில் படாதவாறு ஓரமாகக் கட்டிவிடுங்கள். இது அலங்காரத்துக்கான யோசனை அல்ல. வண்டி வராத சாலையில் மெதுவாகப் போய், சில நொடிகள் பலமாக முடுக்கி, பதிவைச் சேமியுங்கள். 10 ஆம்பியரில் 379 வோல்ட், 150 ஆம்பியரில் 365 வோல்ட் எனப் பதிவானால், 14 வோல்ட்டை 140 ஆம்பியரால் வகுக்கப் பேட்டரியின் உள்தடை 0.1 ஓம் என்று வரும். குளிரில் உள்தடை கூடும், சார்ஜ் குறைந்த நிலையிலும் கூடும். எனவே இரண்டு கார்களை ஒப்பிடுவதானால் ஒரே மாதிரி வெப்பநிலையிலும் சார்ஜ் நிலையிலும் பதிவு செய்ய வேண்டும். லீஃபின் பேட்டரிக்குத் திரவக் குளிரூட்டல் இல்லை; வெயிலில் நின்றே வாழ்ந்த கார்களில் கட்டங்கள் காட்டாத முதுமையை இந்த எண் காட்டிக்கொடுக்கும்.

மொத்தத் தடை சரியாக இருந்தும், 30 விழுக்காடு சார்ஜுக்குக் கீழே முடுக்கும்போது வோல்டேஜ் திடீரெனச் சரிந்தால், 96இல் ஒன்றிரண்டு செல்கள் மட்டும் பலவீனமாக இருக்கக்கூடும். எந்தச் செல் என்பதை 1டிபி சொல்லாது. கேபிளைக் கழற்றிவிட்டு, அதே சார்ஜ் நிலையில், லீஃப் ஸ்பையின் செல் வரைபடத்தைத் திறந்து பார்க்க வேண்டும். 24 கிலோவாட் மணி லீஃபில் பேட்டரி 48 தொகுதிகளாகப் பிரிந்திருக்கிறது, ஒவ்வொன்றிலும் இரண்டு செல் வரிசைகள். ஆகவே வரைபடத்தில் தாழ்ந்து நிற்கும் செல்லின் எண்ணைக் குறித்துக்கொண்டால், பேட்டரியைத் திறந்து பழுதுபார்ப்பவரிடம் எந்தத் தொகுதியை மாற்ற வேண்டும் என்று பேச்சைத் தொடங்கலாம்.