பழைய ஆர்ச்டாப் கிதார் வாங்கும் முன்: பிரிட்ஜைப் பாருங்கள், வருடம் அப்புறம்

உள்ளே முழுக்க வெற்றிடமாக இருக்கும் பழைய எலெக்ட்ரிக் ஆர்ச்டாப் (மேல்பலகை வளைந்து எழும்பிய கிதார்) விற்பனைக்கு வந்தால் எல்லோரும் முதலில் கேட்பது எந்த வருடம் என்றுதான். அதைவிட முதலில் கிதாரைப் பக்கவாட்டில் திருப்பி, பிரிட்ஜுக்கு, அதாவது மேல்பலகையின் மேல் கம்பிகளைத் தாங்கும் கட்டைக்கு, அடியில் இருக்கும் இரண்டு சின்னத் திருகுச் சக்கரங்களைப் பாருங்கள். அவற்றை அடிவரை இறக்கியும் 12-வது ஃப்ரெட் (நெக் எனும் கழுத்தின் மேல் குறுக்கே பதித்த உலோகப் பட்டை) பக்கம் கம்பி உயரமாகவே நிற்கிறதா? ஒரு கம்பியை முதல் ஃப்ரெட்டிலும் கடைசி ஃப்ரெட்டிலும் அழுத்திப் பிடியுங்கள். நடுவில் பெரிய இடைவெளி தெரிந்தால் நெக் வளைந்திருக்கிறது, நெக்கின் உள்ளே ஓடும் இரும்புக் கம்பியான டிரஸ் ராடைத் திருகிச் சரிசெய்ய வாய்ப்பு உண்டு. நெக் நேராக இருந்தும் கம்பி உயரம் என்றால் நெக்கின் கோணமே மாறிவிட்டது, கழற்றி மறுபடி ஒட்ட வேண்டும். அது பெரிய செலவு, விலை பேசும்போது கணக்கில் வையுங்கள்.

மேல் ஃப்ரெட்களில் சுருதி சேரவில்லை என்று மட்டும் ஒரு கிதாரைத் தள்ளிவிடாதீர்கள். பெரும்பாலான ஆர்ச்டாப்களில் பிரிட்ஜ் ஒட்டப்பட்டிருக்காது, கம்பியின் அழுத்தத்தில்தான் நிற்கும். யாரோ எல்லாக் கம்பியையும் ஒரே நேரத்தில் கழற்றியிருந்தால் அது நகர்ந்திருக்கும், வார்னிஷில் அதன் பழைய தடம் பக்கத்திலேயே தெரியும். 12-வது ஃப்ரெட்டில் ஹார்மோனிக்கையும் (கம்பியை அழுத்தாமல் லேசாகத் தொட்டு எழுப்பும் சுரம்) அழுத்தி வாசித்த சுரத்தையும் ஒப்பிட்டு, அழுத்திய சுரம் ஏறியிருந்தால் கம்பியைக் கொஞ்சம் தளர்த்தி பிரிட்ஜை டெயில்பீஸ் (கம்பிகளின் அடி முனையைப் பிடிக்கும் பாகம்) பக்கம் தள்ளுங்கள், இறங்கியிருந்தால் நெக் பக்கம். நல்ல கிதார்கள் எத்தனையோ இந்த ஒரு சின்ன விஷயத்துக்காக ஒதுக்கப்படுகின்றன என்பதில் எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

அடுத்து, மேல்பலகையை விரல் முட்டியால் மெதுவாகத் தட்டிக்கொண்டே போங்கள். எங்காவது கரகரவென்று அதிர்ந்தால் உள்ளே பலகையைத் தாங்கும் மரச் சட்டமான பிரேஸ் ஒட்டு விட்டிருக்கலாம். எஃப் வடிவத் துளை வழியாகச் சின்ன விளக்கும் கண்ணாடியும் விட்டுப் பாருங்கள். உடலின் ஓரத்தைச் சுற்றி ஒட்டிய பட்டையான பைண்டிங் பொடிந்து உதிர்கிறதா என்றும் கவனியுங்கள். அது செய்யப்பட்ட பழைய பிளாஸ்டிக்கான செல்லுலாய்டு சிதையும்போது வரும் ஆவி பக்கத்தில் உள்ள உலோகத்தையும் அரித்துவிடும், பெட்டியைத் திறந்ததும் மூக்கில் ஏறும் நெடி வந்தால் அதுதான் காரணமாக இருக்கும்.

சரி, இப்போது வருடம். கிப்சன் இஎஸ்-175 என்றால் 1949-இல் வந்த மாடல், 1957 வாக்கில் ஒற்றைச் சுருள் கொண்ட பி-90 பிக்கப்புக்குப் (கம்பியின் அதிர்வை மின் சைகையாக்கும் பாகம்) பதில் இரட்டைச் சுருள் கொண்ட ஹம்பக்கர் வந்தது. ஆனால் பிக்கப்பை யார் வேண்டுமானாலும் மாற்றியிருக்கலாம். 1960-களின் கிப்சன் சீரியல் எண்களை மட்டும் நம்பவும் முடியாது, ஒரே எண் பல கிதார்களில் உண்டு. வால்யூம் பாட்டின் (ஒலி அளவைக் கூட்டிக் குறைக்கும் குமிழுக்கு அடியில் உள்ள மின்பாகம்) முதுகில் 1376524 என்று இருந்தால் 137 என்பது அதைச் செய்த சிடிஎஸ் நிறுவனம், 65 வருடம், 24 வாரம். பாட் மாற்றப்படாமல் இருந்தால் கிதார் அதற்கு முந்தையதாக இருக்க முடியாது. அதில் மின்கம்பியை இணைக்கும் சால்டர் பற்று பளபளவென்று புதிதாக இருந்தால் பாட் மாற்றப்பட்டிருக்கலாம், விற்பவரிடம் நேராகவே கேளுங்கள்.

வெளிநாட்டிலிருந்து வாங்குவதானால் ஃப்ரெட்போர்டு (ஃப்ரெட்கள் பதிந்த பலகை) பிரேசில் ரோஸ்வுட்டா என்று முதலில் உறுதி செய்யுங்கள். அந்த மரம் 1992 முதல், அழியும் நிலையில் உள்ள உயிரினங்களின் வர்த்தகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் முதல் பட்டியலில் இருக்கிறது, உரிய அனுமதித் தாள் இல்லாமல் எல்லை தாண்டினால் கிதாரையே பறிகொடுக்க நேரலாம்.