கறுத்தக்கொழும்பான் கஸ்ரட்: ஓவனில் சுட்டுக் குளிரவைக்கும் முறை

வைகாசி பிறந்து, யாழ்ப்பாணத்தின் திருநெல்வேலிச் சந்தையிலும் சாவகச்சேரிச் சந்தையிலும் கறுத்தக்கொழும்பான் மாம்பழம் குவியத் தொடங்கிவிட்டால், அந்தப் பழத்தை வெட்டித் தின்பதைத் தவிர வேறு எதையும் செய்ய யாழ்ப்பாணத்தவர்களுக்கு மனம் வருவதில்லை. ஆனால் வீட்டு மரத்தில் கொக்கத்தடியால் பறித்து வைத்த காய்கள் ஒரே நாளில் சேர்ந்து பழுத்து நிற்கும்போது, தின்று முடிக்க முடியாமல் மீந்துபோகும் பழங்களுக்கு இந்தக் கஸ்ரட் மிகப் பொருத்தமான இடம். பாலும் முட்டையும் சீனியும் இருந்தால் போதும். இதுவரை ஓவனில் எதையும் சுட்டுப் பார்க்காதவர்களும் முதல் தடவையிலேயே நன்றாகச் செய்யக்கூடிய பண்டம் இது.

கஸ்ரட் என்றதும் நம் வீடுகளில் நினைவுக்கு வருவது தகர டப்பாவில் வரும் மஞ்சள் மாவே. அது பெரும்பாலும் சோள மாவும் நிறமும் வனிலா வாசனையும் கலந்தது. அதில் முட்டை கிடையாது. 1837ஆம் ஆண்டு இங்கிலாந்தின் பேர்மிங்காம் நகரில் அல்பிரட் பேர்ட் என்ற மருந்தாளர், முட்டை ஒத்துக்கொள்ளாத தம் மனைவிக்காக உருவாக்கிய மா அது. நாம் இங்கே செய்யப்போவது முட்டையினாலேயே இறுகும் பழைய வகை. இந்த வேறுபாட்டைத் தொடக்கத்திலேயே சொல்வதற்குக் காரணம் உண்டு: சோள மா கொதித்தால்தான் தடிக்கும், முட்டையோ கொதித்தால் கெட்டுவிடும். முட்டையும் பாலும் சீனியும் சேர்ந்த கலவை ஏறத்தாழ 80 பாகை செல்சியசை எட்டும்போது மெல்ல இறுகத் தொடங்கும். 85 பாகையைத் தாண்டினால் முட்டையின் புரதம் அளவுக்கு மீறி இறுகித் தன்னிடமுள்ள நீரை வெளியே தள்ளிவிடும். நல்ல கஸ்ரட்டுக்கும் கெட்ட கஸ்ரட்டுக்கும் இடையே உள்ள தூரம் இந்தச் சில பாகைகள்தாம்.

நான் முதன்முறை செய்தபோது இது தெரியாமல், கேக் சுடுவதைப்போல 200 பாகையில் கிண்ணங்களை அப்படியே ஓவனுக்குள் வைத்தேன். வெளியே எடுத்தபோது மேற்பரப்பு பொங்கி வெடித்திருந்தது. கரண்டியால் வெட்டினால் உள்ளே கடற்பஞ்சுபோல ஓட்டை ஓட்டையாக இருந்தது, அடியில் மஞ்சள் தண்ணீர் தேங்கி நின்றது. அம்மம்மா ஒரு வாய் எடுத்துப் பார்த்துவிட்டு, "பிள்ளை, வட்டிலப்பத்துக்கு நெருப்பைக் குறைச்சு வைக்கிற மாதிரி இதுக்கும் வைச்சுப் பாரன்" என்றார். வட்டிலப்பம் முட்டையும் தேங்காய்ப்பாலும் சேர்த்து ஆவியில் அவிக்கும் இனிப்பு. ஓவனையே தொட்டறியாத அவர் சொன்னதுதான் சரியான வழி என்பதை அடுத்த முறை கண்டுகொண்டேன்.

இனி, வேண்டிய பொருள்கள். 150 மில்லிலீற்றர் கொள்ளும் சிறு கிண்ணங்கள் ஆறுக்கு இந்த அளவு போதும்: நன்கு பழுத்த நடுத்தர மாம்பழம் இரண்டு, அலங்கரிக்க இன்னும் ஒன்று, பால் 400 மில்லிலீற்றர், முட்டை நான்கு, சீனி 75 கிராம், அதாவது தட்டையாக ஆறு மேசைக்கரண்டி, உப்பு ஒரு சிட்டிகை, ஏலக்காய்த் தூள் கால் தேக்கரண்டி, கிண்ணங்களுக்குப் பூசச் சிறிது பட்டர். பசுப்பால் கிடைக்காதவர்கள் 50 கிராம் பால்மாவை 400 மில்லிலீற்றர் வெந்நீரில் கட்டியில்லாமல் கரைத்துக்கொள்ளலாம். வனிலாவை நான் சேர்ப்பதில்லை. கறுத்தக்கொழும்பானின் வாசனைக்கு மேல் இன்னொரு வாசனை ஏறுவது எனக்குப் பிடிப்பதில்லை.

பழத்தைத் தெரிவு செய்வதில் அவசரம் வேண்டாம். கறுத்தக்கொழும்பானின் தோல் முழுவதும் மஞ்சளாகும்வரை காத்திருந்தால் பழம் கடந்துபோய்விடும்; பச்சை நிறம் இருக்கும்போதே உள்ளே செம்மஞ்சளாகப் பழுத்திருக்கும். காம்படியை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து பாருங்கள். வாசனை அங்கே எழவில்லையென்றால், காபைட் வைத்துப் பழுக்கவைத்ததாகவோ முற்றாத காயைப் பறித்ததாகவோ இருக்கக்கூடும். அப்படிப்பட்ட பழம் புளிக்கும்; புளிப்பு பாலைத் திரித்துவிடும். வீட்டில் பறித்த காயென்றால் வைக்கோலுக்குள்ளோ அரிசி மூட்டைக்குள்ளோ வைத்து, விரலால் மெல்ல அழுத்தும்போது சற்றே இடம் கொடுக்கும்வரை பொறுத்திருப்பது நல்லது. அம்பலவி, விளாட்டு ஆகிய மாம்பழ வகைகளிலும் செய்யலாம். அரைத்தபின் கண் சிறிய வடிதட்டில் வடித்துக்கொண்டால் நார் இருந்தாலும் தெரியாது.

முதல் வேலை, பழத்தின் நீரை வற்றவைப்பது. பலர் இதைத் தவிர்த்துவிடுகிறார்கள். நான் இதைத்தான் எல்லாவற்றிலும் முக்கியமாகக் கருதுகிறேன். இரண்டு மாம்பழங்களின் தோலைச் சீவி, சதையை வெட்டி, தண்ணீர் சேர்க்காமல் அரைத்தால் ஏறத்தாழ 250 மில்லிலீற்றர் கூழ் கிடைக்கும். அதை அடி தடித்த தாச்சியில் ஊற்றி, மிகக் குறைந்த நெருப்பில், அகப்பையால் அடிவரை கிளறிக்கொண்டே 150 மில்லிலீற்றராக வற்றவிடுங்கள். தொடக்கத்தில் கூழ் தளதளவென்று குமிழிவிடும். பத்து நிமிடங்கள் அளவில் குமிழிகள் சோம்பி, நிறம் ஒரு படி கறுத்து, அகப்பையை இழுத்த இடத்தில் தாச்சியின் அடி ஒரு கணம் கோடாகத் தெரிந்து பின் மூடிக்கொள்ளும். அந்தக் கோடு தெரியும்போது இறக்கி, முழுவதும் ஆறவிடுங்கள். பச்சைக் கூழை அப்படியே சேர்த்தால் பழத்தின் நீர் கஸ்ரட்டைத் தளர்த்திவிடும். வற்றிய கூழிலோ இனிப்பும் மணமும் இறுகி நிற்கும்.

கூழ் ஆறும் வேளையில் ஓவனை 150 பாகைக்கு வைத்துப் பதினைந்து நிமிடங்கள் சூடேறவிடுங்கள். கிண்ணங்களின் உட்புறத்தில் பட்டரை மெல்லியதாகப் பூசுங்கள். இன்னொரு அடுப்பில் ஒரு கேத்தில் தண்ணீரைக் கொதிக்கவைத்துக்கொள்ளுங்கள். அது பின்னால் தேவைப்படும்.

ஒரு பெரிய பாத்திரத்தில் முட்டைகளை உடைத்து, சீனியும் உப்பும் சேர்த்து, கம்பியால் கலக்குங்கள். இங்கே கவனம் தேவை: கேக்குக்கு அடிப்பதுபோல நுரைவர அடிக்கக் கூடாது. நுரை மேலே மிதந்து, வேகும்போது ஓட்டைகளாக நின்றுவிடும். கம்பியைப் பாத்திரத்தின் அடியிலிருந்து எடுக்காமல், சீனி கரையும்வரை வட்டமாக ஓட்டினால் போதும். அதன்பின் ஆறிய கூழையும் ஏலக்காய்த் தூளையும் சேருங்கள்.

பசுப்பாலென்றால் ஒருமுறை கொதிக்கவைத்து இறக்கி, விரல் வைத்தால் சுடும், ஆனால் உடனே இழுத்துக்கொள்ளத் தோன்றாத சூட்டுக்கு ஆறவிடுங்கள். அந்தப் பாலை முதலில் ஒரு கரண்டியாக, பின்னர் மெல்லிய ஓட்டமாக, மற்றக் கையால் கலக்கிக்கொண்டே முட்டைக் கலவையில் ஊற்றுங்கள். கொதிபாலை ஒரேயடியாகக் கொட்டினால் முட்டை அங்கேயே வெந்து திரண்டுவிடும். எல்லாம் கலந்ததும் வடிதட்டில் வடித்து, பத்து நிமிடங்கள் அசையாமல் வைத்து, மேலே எழும் நுரையைக் கரண்டியால் அள்ளி நீக்கியபின் கிண்ணங்களில் பங்கிடுங்கள்.

அம்மம்மா சொன்ன 'நெருப்பைக் குறைக்கும்' வேலையை ஓவனில் செய்வது தண்ணீர்தான். ஆழமான தட்டம் ஒன்றின் அடியில் பழைய துவாய்த் துண்டொன்றை விரித்து, அதன்மேல் கிண்ணங்களை ஒன்றையொன்று தொடாதபடி வையுங்கள். துவாய் கிண்ணங்களை வழுக்காமல் பிடித்துக்கொள்வதோடு, சூடான தகரம் அவற்றின் அடியை நேரே சுடாமலும் காக்கும். தட்டத்தை ஓவனின் நடுத்தட்டில் வைத்தபின்னரே, கொதிநீரைக் கிண்ணங்களின் பாதி உயரம்வரை ஊற்றுங்கள்; வெளியே ஊற்றிவிட்டுத் தூக்கினால் கையில் சிந்தும். ஓவன் 150 பாகையில் இருந்தாலும், அந்தத் தண்ணீர் 100 பாகையைத் தாண்டாது. அதனால் கிண்ணத்தின் ஓரம் நடுப்பகுதியை முந்திக்கொண்டு வேகாது. மேற்கம்பி அருகில் இருக்கும் சிறிய மேசை ஓவன்களில், கிண்ணங்களின் மேல் அலுமினியத் தாளைத் தளர்வாக மூடிவிடுங்கள்.

35 நிமிடங்கள் கழித்து முதல்முறை பாருங்கள். ஒரு கிண்ணத்தை மெல்லத் தட்டினால், ஓரத்தில் இரண்டு விரல் அகலம் அசையாமல் நிற்க, நடுப்பகுதி மட்டும் நுங்குபோலத் தளும்ப வேண்டும். முழுவதும் அலையலையாக ஆடினால் இன்னும் ஐந்து நிமிடங்கள் விடுங்கள். நடுவும் அசையாமல் இறுகிவிட்டதென்றால் நேரம் கடந்துவிட்டது. தளும்பும் நிலையில் எடுக்கப் புதியவர்கள் பயப்படுவார்கள், நானும் பயந்திருக்கிறேன். வெளியே எடுத்தபின்னும் கிண்ணத்தின் உட்சூடு சில நிமிடங்கள் வேலை செய்து, அந்த நடுப்பகுதியைத் தானாகவே இறுக்கிவிடும். எடுத்ததும் கிண்ணங்களைத் தண்ணீரிலிருந்து வெளியே வைத்துவிடுங்கள். தண்ணீரிலேயே விட்டால் வேக்காடு தொடரும்.

ஓவன் இல்லாதவர்களும், நடுவில் மின்சாரம் நின்றுவிட்டவர்களும் இதே கிண்ணங்களை அலுமினியத் தாளால் மூடி, இடியப்பம் அவிக்கும் பாத்திரத்தில் குறைந்த நெருப்பில் 20 முதல் 25 நிமிடங்கள்வரை அவிக்கலாம். மூடியைச் சீலைத் துண்டால் சுற்றிக்கொண்டால் ஆவி நீர் உள்ளே சொட்டாது. மாம்பழக் காலம் முடிந்தபின் கப்பல் வாழைப்பழத்தில் செய்தாலும் நன்றாக வரும். அன்னாசியென்றால் சதையைக் கட்டாயம் கொதிக்கவைத்தபின்னரே சேருங்கள். பச்சை அன்னாசியில் புரதத்தை அறுக்கும் நொதி இருப்பதால் பால் கசந்துபோகும். பப்பாசியிலும் அத்தகைய நொதி உண்டு. அதை இதற்கு நான் எடுப்பதேயில்லை.

கிண்ணங்கள் அறைச் சூட்டுக்கு ஆறியதும் மூடி, குளிர்சாதனப் பெட்டியில் குறைந்தது நான்கு மணித்தியாலங்கள் வையுங்கள். காலையில் சுட்டால் பின்னேரம் பரிமாறலாம். எடுத்துவைத்த மூன்றாவது பழத்தை முன்னதாகவே வெட்டி மேலே வைத்தால் சாறு இறங்கி மேற்பரப்பு ஈரமாகிவிடும். ஆகையால் பரிமாறும் வேளையிலேயே சிறு துண்டுகளாக வெட்டிப் போடுங்கள். கரண்டி இறங்கிய இடத்தில் வெட்டுமுகம் வழவழப்பாக, ஓட்டையில்லாமல், அடியில் ஒரு சொட்டு நீரும் இல்லாமல் நின்றால் சரியாக வந்திருக்கிறது. மீந்தவற்றை மூடியபடி குளிரில் வைத்து, இரண்டு நாள்களுக்குள் சாப்பிட்டுவிடுங்கள்.