தோட்டத்து ஆபீஸ் சுவிட்சில் போனுக்கு முதலிடம் கொடுப்பது எப்படி

தோட்டத்து ஆபீசுக்கு வருவது ஒரே இன்டர்நெட் லைன், ஸ்டோர் கேமரா, கிளாக்கர் கம்ப்யூட்டர், ஐபி போன் எல்லாம் அதில்தான் என்றால், ஏல நாளில் கொழும்பிலிருந்து புரோக்கர் பேசும்போது குரல் வெட்டி வெட்டி வரத்தான் செய்யும். பெரிய பெக்கேஜுக்குப் பணம் கட்டுவதற்கு முன், இந்த வயர்களெல்லாம் வந்து சேரும் பெட்டியான சுவிட்சைப் பாருங்கள். சிஸ்கோ கேட்டலிஸ்ட் 2960, 3560 மாதிரிப் பழைய சுவிட்சை வைத்துச் சொல்கிறேன். 2960 என்றால் அதில் லேன் பேஸ் என்ற மென்பொருள் வகை இருக்க வேண்டும், லேன் லைட் வகையில் போலீசிங், அதாவது குறித்த வேகத்துக்கு மேல் வருவதை எறிந்துவிடுவது, கிடையாது.

முதலில் 'எம்எல்எஸ் கியூஓஎஸ்' கட்டளை, எந்தப் பாக்கெட்டுக்கு (தரவுத் துண்டுக்கு) முதலிடம் என்று பார்க்கும் வேலையைச் சுவிட்சில் தொடக்கிவைப்பது. பலர் மாட்டிக்கொள்வது இங்கேதான்: அதைப் போட்டவுடன் சுவிட்ச் எந்தப் போர்ட்டையும் நம்பாது, போன் தன் குரல் பாக்கெட்டில் போட்டு அனுப்பும் டிஎஸ்சிபி 46 என்ற முன்னுரிமைக் குறியை 0 ஆக்கிவிடும், அதாவது முன்பை விட மோசம். அதனால் போன் இருக்கும் போர்ட்டில் 'எம்எல்எஸ் கியூஓஎஸ் ட்ரஸ்ட் டிஎஸ்சிபி' போடுங்கள், வரும் குறியை அப்படியே நம்பு என்று அர்த்தம். கம்ப்யூட்டர் போர்ட்டில் வேண்டாம், எந்த மென்பொருளும் தனக்குத்தானே 46 போட்டுக்கொள்ளலாம். ரவுட்டர் பக்கப் போர்ட்டில் ட்ரஸ்டோடு குரலை முதலில் வெளியே அனுப்பும் 'ப்ரயாரிட்டி கியூ அவுட்' என்பதையும் சேருங்கள்.

சரி, இதோடு குரல் தெளிந்துவிடுமா? பெரும்பாலும் இல்லை. சுவிட்சிலிருந்து ரவுட்டருக்குப் போகும் வயர் 100 எம்பிபிஎஸ், வெளியே போகும் அப்லோட் 4 என்றால், நெரிசல் சுவிட்சில் வரவே வராது, ரவுட்டரில்தான் வரும். ரவுட்டர் 46ஐப் பார்த்து வழிவிடுகிறதா என்று பாருங்கள். விடாத ரவுட்டர் என்றால் மிச்சம் இருப்பது போலீசிங்தான், என் கணிப்பில் தோட்டத்து லைனுக்கு அதிகம் உதவுவதும் அதுதான்.

கேமரா பதிவுப் பெட்டியிலிருந்து கொழும்பு தலைமை ஆபீசுக்குப் போவதை மட்டும் ஒரு அக்சஸ் லிஸ்டில் (எங்கிருந்து எங்கே போவது என்ற பட்டியல்) பிடித்து, கிளாஸ் மேப்பில் (அதற்கு ஒரு வகைப் பெயர்) சேர்த்து, பாலிசி மேப்பில் (அந்த வகைக்கான விதி) 20,00,000 பிபிஎஸ், அதாவது 2 எம்பிபிஎஸ், என்று கட்டுப்படுத்துங்கள். ஜி.711 என்ற குரல் முறையில் அழைப்பு ஒன்றுக்கு ஒரு பக்கத்துக்கு ஏறத்தாழ 87 கேபிபிஎஸ், ஐந்து பேர் ஒரே நேரத்தில் பேசினாலும் அரை எம்பிபிஎஸ் தாண்டாது, ஆகவே அப்லோடில் பாதியைக் கேமராவுக்குக் கொடுப்பதில் பயமில்லை. பர்ஸ்ட் அளவை, அதாவது ஒரே மூச்சில் வர விடும் அளவை, கஞ்சத்தனமாக வைக்காதீர்கள். போலீசர் பாக்கெட்டைக் காக்க வைக்காது, எறிந்துவிடும், அதனால் பர்ஸ்ட் குறைந்தால் டிசிபி (பாக்கெட் தொலைந்தால் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும் அனுப்பு முறை) வேகம் 2 எம்பிபிஎஸ்ஸுக்கும் வெகு கீழே விழும். வேகத்தை 8ஆல் வகுத்து ஒன்றரையால் பெருக்கினால் 3,75,000 பைட், அதைப் போடுங்கள். பாலிசியைப் பதிவுப் பெட்டியின் போர்ட்டில் 'இன்புட்' பக்கம் மாட்டுங்கள், இந்தச் சுவிட்சுகளில் அவுட்புட் பக்கம் போலீசிங் செய்ய முடியாது.

அப்புறம் 'ஷோ பாலிசி மேப் இன்டர்ஃபேஸ்' பார்த்து எல்லாம் 0 என்று பதறாதீர்கள், இந்த மாடல்களில் அது அப்படித்தான் காட்டும். 'ஷோ எம்எல்எஸ் கியூஓஎஸ் இன்டர்ஃபேஸ்' கட்டளையோடு போர்ட் எண்ணும் 'ஸ்டாடிஸ்டிக்ஸ்' என்பதும் சேர்த்துப் போட்டால் போலீசர் எத்தனை பாக்கெட்டை எறிந்தது என்று தெரியும்.

கடைசியில் 'ரைட் மெமரி' கொடுங்கள். இல்லாவிட்டால் அடுத்த முறை கரண்ட் போய் வரும்போது எல்லாம் பழையபடி ஆகிவிடும்.